கல்லீரல் நோயும் காவல் அணுக்களும்

பெங்களூர் நகரின் அல்சூர்ப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. 1809-ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலேயரின் படைத்தளம் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றப்பட்டது. அதன் பின்னர்ப் படைகளுடனும், அவற்றை அண்டிய வியாபாரத்துடனும், கட்டட வேலைகளுடனும் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து வந்து ஏரியைச் சுற்றிலும் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் இவர்களுள் பலர். ஊரைவிட்டு வந்தபொழுது மூட்டை முடிச்சுகளுடன் வீட்டு வைத்தியத்தையும் அவர்கள் கொண்டுவந்தனர். கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பதும், உப்பும் எண்ணெயும் விலக்கிப் பத்தியம் வைப்பதும் இன்றும் வழக்கத்தில் உள்ளவையே. அடுத்த வீட்டுக் கன்னடக்காரர் அதே செடியை 'நெலநெல்லி' என்றும், எதிர்வீட்டுத் தெலுங்கர் 'நேல உசிரி' என்றும் வழங்கி, அதே நோய்க்கு அதே நம்பிக்கையுடன் பயன்படுத்துகின்றனர். இரண்டு மூன்று வாரங்களில் கண் வெளுக்கிறது. நோய் இறங்கிவிட்டதென்று குடும்பம் நிம்மதியடைகிறது.

இந்த நிம்மதி பெரும்பாலான சமயங்களில் நியாயமானதே. ஆனால் 'பி', 'சி' என்னும் இரு வைரஸ்களால் விளையும் நாட்பட்ட கல்லீரல் அழற்சியைப் பொறுத்தமட்டில் அது முற்றிலும் தவறானது. சில வேளைகளில் உயிருக்கே உலை வைப்பது. கண்ணின் மஞ்சளைக் கொண்டு இந்நோயை அளப்பது ஏன் பொருந்தாது என்பதைச் சுகாதார ஊழியர்களும் ஆசிரியர்களும் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். பலருக்குத் துண்டுப் பிரசுரத்தின் வாசகங்கள் மனப்பாடமாக இருக்கின்றன, காரணம் தெரிவதில்லை. காரணமோ வைரஸில் மட்டும் இல்லை. அதனை எதிர்ப்பதற்கென்று உடலில் அமைந்துள்ள காவல் அணுக்களின் நடத்தையிலேயே அதன் பெரும்பகுதி அடங்கியுள்ளது.

காமாலை என்னும் சொல் பல நோய்களை ஒரே போர்வையால் மூடிவிடுகிறது. 'ஏ', 'ஈ' என்னும் வைரஸ்கள் அசுத்தமான நீரினாலும் உணவினாலும் பரவுபவை. 1955-ஆம் ஆண்டு இறுதியில் தில்லி மாநகரில் யமுனை நீருடன் சாக்கடை கலந்ததால் சுமார் 29,000 பேர் காமாலையுற்றனர். அது 'ஈ' வைரஸின் வேலை என்பது கால் நூற்றாண்டுக்குப் பின்னரே தெரியவந்தது. கருவுற்ற பெண்களுக்கு 'ஈ' பேராபத்தானது. மற்றவர்களுள் மிகப் பெரும்பாலோர் சில வாரங்களில் தாமாகவே குணமடைகின்றனர். கீழாநெல்லி குடித்தாலும் குணமாகும், குடிக்காவிடினும் குணமாகும். அச்செடிக்கு ஏற்பட்டுள்ள பெரும் புகழில் கணிசமான பங்கு இவ்விதம் தானே தீரும் காமாலைகளால் சேர்ந்ததென்று கருதுவதில் தவறில்லை. 'பி', 'சி' வைரஸ்கள் பரவும் வழி வேறு. இரத்தம், சுத்திகரிக்கப்படாத ஊசி, உடலுறவு, பிரசவ வேளையில் தாயிடமிருந்து சேய்க்கு என்னும் வழிகளில் அவை உடலினுள் புகுகின்றன. புகுந்தபின் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடவும் கூடும்.

இங்குதான் வாசகர் சற்று நின்று கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. 'பி' வைரஸ் கல்லீரல் அணுவினுள் புகுந்து, அதன் இயந்திரங்களைப் பயன்படுத்தித் தன்னைப் பல்லாயிரமாகப் பெருக்கிக் கொள்கிறது. ஆனால் தான் குடிபுகுந்த அணுவை அது பெரும்பாலும் அழிப்பதில்லை. வீட்டைக் கெடுக்காமல் வாடகையின்றிக் குடியிருக்கும் விருந்தாளியைப் போன்றது அது. அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள ஸ்க்ரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் பிரான்சிஸ் சிசாரி என்பவரும் அவருடைய குழுவினரும் இதனைச் சுண்டெலிகளைக் கொண்டு நிரூபித்தனர். பிறவியிலேயே தம் கல்லீரலில் இவ்வைரஸின் புரதங்களை உண்டாக்குமாறு அமைக்கப்பட்ட சுண்டெலிகளின் காவல் அணுக்கள், அப்புரதங்களைத் தம் உடலின் பகுதியாகவே ஏற்று வாளாவிருந்தன. கல்லீரலும் அழற்சியின்றி இருந்தது. அப்புரதத்தை அயலானென்று அடையாளம் காணப் பழக்கப்பட்ட வெள்ளணுக்களை வேறொரு சுண்டெலியிலிருந்து எடுத்து இவற்றின் உடலில் செலுத்தியபொழுதுதான் கல்லீரல் அழற்சியுற்றது. எனவே நோயாளியின் கல்லீரல் புண்படுவதும், கண் மஞ்சளிப்பதும், 'எஸ்.ஜி.பி.டி.' என்று பரிசோதனைச் சீட்டில் காணப்படும் என்சைம் இரத்தத்தில் ஏறுவதும் முக்கியமாகக் காவலரின் கைவரிசையால் விளைபவை.

இக்காவலருள் தலையாயவை, தைமஸ் என்னும் சுரப்பியில் முதிர்ச்சி பெறுவதால் 'டி' அணுக்கள் என்று பெயர்பெற்ற வெள்ளணுக்கள். அவற்றுள் ஒரு வகை, கிருமி தங்கிய அணுவைக் கண்டறிந்து நேராகத் தாக்குவது. கொல்லும் 'டி' அணு என்பர். இவை தாக்கினால் கல்லீரல் அழிய வேண்டியதுதானே, பிறகு நோயாளி எவ்வாறு பிழைக்கிறார் என்னும் ஐயம் எழக்கூடும். வைரஸ் பெருகியுள்ள கல்லீரலில் ஏறக்குறைய எல்லா அணுக்களிலும் அது குடியிருக்கலாம். அவை அனைத்தையும் கொன்றால் எஞ்சுவது ஒன்றுமில்லை. விடை மேற்சொன்ன ஆராய்ச்சிகளிலிருந்தே கிடைத்தது. இவ்வணுக்களுக்கு இரு முறைகள் உண்டு. களை மண்டிய வயலில் பயிரோடு சேர்த்துப் பிடுங்கி எறிவது ஒன்று. பயிர் நிற்க, களையை மட்டும் வாடச் செய்வது மற்றொன்று. பின்னதற்காக இவை இன்டர்பெரான் முதலிய இரசாயனப் பொருள்களைச் சுரக்கின்றன. அவை அண்டையிலுள்ள கல்லீரல் அணுக்களைக் கொல்லாமலே அவற்றினுள் வைரஸ் பெருகுவதை அடக்கிவிடுகின்றன. சிம்பன்சிக் குரங்குகளில் நடத்திய சோதனையில், கொல்லும் 'டி' அணுக்களை மருந்தின் மூலம் தற்காலிகமாக நீக்கியபொழுது வைரஸ் நீங்காமல் நிலைத்தது. அவ்வணுக்கள் மீண்டும் தோன்றிய பின்னரே உடல் தூய்மையடைந்தது. 2003-இல் வெளியான இச்சோதனை, குணமடைவதும் புண்படுவதும் ஒரே கையால் நிகழ்பவை என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிற்று.

வயது வந்த ஒருவருக்கு 'பி' வைரஸ் தொற்றினால் இக்காவலர் விரைந்தெழுந்து, 100-க்கு 95 பேருக்கு மேற்பட்டோரில் வேலையை முடித்துவிடுகின்றனர். அவருக்குச் சில வாரம் காமாலை காணலாம். பின்னர் வாழ்நாள் முழுவதும் பாதுகாப்பு. பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் கணக்கு தலைகீழாகிறது. 100-க்குச் சுமார் 90 குழந்தைகளில் வைரஸ் நிலைத்துவிடுகிறது. அக்குழந்தைக்குக் காமாலை வராது. அழற்சியும் பெரும்பாலும் இராது. தன்னது எது, பிறிது எது என்று காவல் அணுக்கள் பாடம் கற்கும் பருவத்திலேயே வைரஸ் வந்து சேர்ந்துவிடுவதால், அதனை அவை பகையென்று கொள்ளாமல் விட்டுவிடுகின்றன. கல்லீரலின் இயல்பும் இதற்குத் துணைபோகிறது. குடலிலிருந்து உணவுச் சத்துகளையும், கூடவே எண்ணற்ற அயற்பொருள்களையும் சுமந்து வரும் இரத்தம் கல்லீரல் வழியாகவே செல்கிறது. ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் இரத்தம் அதனுள் பாய்கிறது, அதில் முக்கால் பங்கு குடற்பக்கத்து நாளத்தின் வழியே வருவது. வந்த ஒவ்வொன்றின் மீதும் போர் தொடுத்தால் உண்ட ஒவ்வொரு வேளையும் கல்லீரல் வீங்க வேண்டியதுதான். ஆகவே அவ்வுறுப்பின் காவலர் பொறுமைக்குப் பழக்கப்பட்டவர்கள். 1969-ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டு அறுவை வைத்தியரான ராய் கால்ன், பன்றிகளில் மாற்றிப் பொருத்திய கல்லீரல், சிறுநீரகத்தைப் போலல்லாமல், எதிர்ப்பை அடக்கும் மருந்தின்றியே பல சமயங்களில் ஏற்கப்படுவதைக் கண்டு வியந்து எழுதினார். உறுப்பு மாற்று வைத்தியருக்கு வரமாகிய இப்பொறுமை வைரஸுக்கும் வரமாகிவிடுகிறது.

ஆனால் இப்பொறுமை நிரந்தரமன்று. பத்து, இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் பின் காவல் அணுக்கள் விழித்துத் தாக்கத் தொடங்குகின்றன. தாக்குதல் முடிவு காண்பதில்லை. எதிரி எண்ணிக்கையில் மிகுந்து, ஓயாமல் கண்முன்னே நிற்பதால், 'டி' அணுக்கள் நாளடைவில் களைத்துப் போகின்றன. இக்களைப்பு வெறும் உவமை அன்று. அணுக்களின் மேற்பரப்பில் கண்டறியத்தக்க ஒரு மாறுதல். ஐதராபாத்தில் பிறந்து உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் ரபி அகமது என்னும் விஞ்ஞானி, நாட்பட்ட வைரஸ் நோயுற்ற சுண்டெலிகளில் இதனை விரிவாக ஆராய்ந்தார். களைத்த அணுக்களின் மேல் 'பி.டி.-1' என்னும் புரதம் மிகுந்து காணப்படுவதையும், அதனைத் தடுத்தால் அணுக்கள் ஓரளவு மீண்டும் சுறுசுறுப்படைவதையும் 2006-இல் அவருடைய குழுவினர் அறிவித்தனர். மாட்டு வண்டியின் தடைக்கட்டையைப் போல அணுவின் வேகத்தை மட்டுப்படுத்தும் இப்புரதத்தை 1992-இல் கண்டறிந்தவர் ஜப்பானியரான தசுகு ஹோஞ்சோ. 2018-ஆம் ஆண்டு நோபல் பரிசை ஜேம்ஸ் அலிசனுடன் அவர் பகிர்ந்துகொண்டார். நாட்பட்ட 'பி', 'சி' நோயாளிகளின் கல்லீரலிலும் இதே தடைக்கட்டை இறுகியிருப்பது பின்னர்த் தெளிவாயிற்று.

தடைக்கட்டையை எடுத்தெறிந்தால் நோய் தீர்ந்துவிடுமே என்று எண்ணத் தோன்றும். அவ்வளவு எளிதன்று. கோடிக்கணக்கான கல்லீரல் அணுக்களில் வைரஸ் இருக்கும் நிலையில் காவலர் அனைவரும் ஒருசேர முழு வேகத்துடன் பாய்ந்தால், நோயாளி சில நாட்களிலேயே கல்லீரல் செயலிழந்து இறக்கக்கூடும். களைப்பு என்பது ஒருவகையில் உடல் தனக்குத்தானே செய்துகொண்ட சமாதானம். அச்சமாதானத்துக்கும் விலை உண்டு. அடக்கவும் முடியாமல் அடங்கவும் முடியாமல் சிறுசிறு மோதல்கள் ஆண்டுக்கணக்கில் நீடிக்கின்றன. ஒவ்வொரு மோதலிலும் சில அணுக்கள் மடிகின்றன. அங்குள்ள நட்சத்திர வடிவ அணுக்கள் தூண்டப்பட்டு நார்ப்பொருளைச் சுரந்து தழும்பிடுகின்றன. புதிய அணுக்கள் மீண்டும் மீண்டும் பிளவுபட்டுப் பெருகும்பொழுது பிழைகள் நேர்கின்றன. வைரஸும் தன் மரபுப்பொருளைக் கல்லீரல் அணுவின் மரபுப்பொருளுடன் ஆங்காங்கே பிணைத்துக் கேட்டைப் பெருக்குகிறது. முடிவு, ஈரல் சுருங்கும் சிரோசிஸ் நோய் அல்லது ஈரற்புற்று. இவ்வளவும் நடக்கும் காலமெல்லாம் நோயாளி வேலைக்குப் போய் வருகிறார், பசிக்கிறது, உறங்குகிறார். கண் வெள்ளையாகவே இருக்கிறது. வயிற்றில் நீர் கட்டிய பின் மஞ்சள் தோன்றினால், அது நோயின் தொடக்கமன்று. கதையின் கடைசி அத்தியாயம்.

இந்நிலையில் கடைகளில் விற்கும் 'எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்' சூரணங்களையும் பானங்களையும் பற்றி ஒரு வார்த்தை கூறாமல் இருக்க முடியாது. எதிர்ப்புச் சக்தி என்பது குடத்து நீரைப் போல் குறைந்தால் ஊற்றிக் கொள்ளும் பொருள் என்ற எண்ணம் படித்தவரிடையேயும் வேரூன்றியுள்ளது. நாட்பட்ட கல்லீரல் நோயில் அவ்வெண்ணம் பொருளற்றது. காவலர் உறங்கினால் வைரஸ் பெருகும். சினந்தால் கல்லீரல் அழியும். களைத்தால் இரண்டும் சிறிது சிறிதாக நடக்கும். 'பெருக்க' வேண்டியது எது என்று விற்பவரைக் கேட்டால் விடை கிடைக்காது.

இதன் மறுபக்கம் ஊழியர்களின் நேரடிக் கவனத்துக்கு உரியது. வேறு நோய்க்காகக் காவல் அணுக்களை அடக்கும் மருந்து கொடுக்க நேர்கையில், உறங்கிக் கிடந்த 'பி' வைரஸ் மீண்டும் எழுவதுண்டு. சில இரத்தப் புற்றுநோய் மருந்துகள், நெடுநாள் கொடுக்கப்படும் ஸ்டிராய்டுகள், உறுப்பு மாற்றத்தின் பின் கொடுக்கும் மருந்துகள் ஆகியவை இத்தகையன. முன்பு முற்றிலும் குணமானவரிடத்தும் இது நேரலாம். ஏனெனில் வைரஸின் மூலப்படி கல்லீரல் அணுக்களின் உட்கருவில் சிறு அளவில் எஞ்சியிருக்க, அதனை நாள்தோறும் அடக்கி வைத்திருந்தவர் காவலரே. இன்னும் விசித்திரம் என்னவெனில், பல சமயம் மருந்தை நிறுத்தி அணுக்கள் மீண்டெழும் வேளையில்தான் கல்லீரல் கடுமையாகப் புண்படுகிறது. எனவே அத்தகைய மருந்து தொடங்குமுன் 'பி' பரிசோதனை செய்யப்பட்டதா என்று நோயாளியின் குடும்பத்தார் வைத்தியரைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கேட்கும்படி அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது ஊழியர் கடமை.

கீழாநெல்லியைப் பற்றிய நியாயமான தீர்ப்பும் இவ்விடத்திலேயே கூறப்பட வேண்டும். அதனைப் பாட்டி வைத்தியம் என்று எள்ளி நகையாடுவோர் அறியாத செய்தி ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜனும் அவருடைய சகாக்களும், 'பி' வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்குடன் சேர்ந்து, 1988-இல் லான்செட் என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அறிகுறியின்றி 'பி' வைரஸைத் தாங்கியிருந்தவருள் ஒரு சாராருக்குக் கீழாநெல்லிப் பொடியும், மற்றொரு சாராருக்கு மருந்தற்ற பொய்ப்பொடியும் 30 நாட்கள் கொடுக்கப்பட்டன. மருந்துண்ட 37 பேருள் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. மற்றவருள் 23-இல் ஒருவருக்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. எனினும் 1990-இல் தாய்லாந்திலும், பின்னர் வேறு இடங்களிலும் நடத்திய சோதனைகளில் அப்பயன் கிட்டவில்லை. 2011-இல் எல்லாச் சோதனைகளையும் திரட்டி ஆராய்ந்த காக்ரேன் குழுவினர், மருந்தற்ற பொடியைவிட இச்செடிவகை மேலானதென்று நம்பத்தக்க சான்று இல்லை என முடிவு செய்தனர்.

விடை ஏமாற்றமாயினும், சென்னை ஆராய்ச்சியாளர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அவர்கள் கண்ணின் நிறத்தைப் பார்க்கவில்லை. இரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தனர். மருந்துண்ணாத மற்றொரு கூட்டத்துடன் ஒப்பிட்டனர். அல்சூரில் ஒரு குடும்பம் கண் வெளுத்ததைக் கொண்டு கீழாநெல்லிக்குச் சான்று கூறும்பொழுது இவ்விரண்டும் விடுபடுகின்றன. ஊழியர் அவ்வீட்டில் செடியைக் குறித்து வாதாடுவது வீண். தாய்வழி வந்த மருந்தைப் பழித்தவரின் சொல் அதன்பின் அவ்வீட்டில் ஏறாது. "கண் வெளுத்தது நல்லதே; 'பி' இருக்கிறதா, 'சி' இருக்கிறதா என்று இரத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அம்மா" என்று கூறினால் போதும். செடியைவிடப் பெருங்கேடு விளைப்பது பரிசோதனைக்குப் போகாமல் கழியும் ஆண்டுகள்.

'சி' வைரஸைப் பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். தொற்றியவருள் 100-க்கு 30 பேர் அளவில் தம் காவலரின் வலிமையாலேயே ஆறு மாதத்துக்குள் அதனின்று விடுபடுகின்றனர். மற்றவரிடத்தில் அது நிலைக்கிறது. அதன் மேலுறை ஓயாமல் உருமாறிக் காவலரை ஏய்ப்பதால் இன்றுவரை தடுப்பூசி அமையவில்லை. ஆயினும் வாய்வழி உண்ணும் மருந்துகளைப் பெரும்பாலும் 12 வாரம் தவறாமல் உட்கொண்டால் 100-க்கு 95 பேர் அளவில் முற்றிலும் குணமடைகின்றனர். குணமான பின்னரும் களைத்த 'டி' அணுக்கள் பழைய வலிமையை முழுமையாகப் பெறுவதில்லை. மீண்டும் தொற்றவும் கூடும். 'ஒருமுறை வந்தால் மறுமுறை வராது' என்னும் பழமொழித் தொனியிலான ஆறுதலை இந்நோயில் எவரும் கூறலாகாது.

'பி' நோய்க்கு உள்ள டெனோபோவிர் முதலிய மருந்துகள் வைரஸ் பெருகுவதை அடக்கித் தழும்பிடுதலையும் புற்று ஆபத்தையும் குறைக்கின்றன. உட்கருவில் பதுங்கிய மூலப்படியை அவை அகற்றுவதில்லையாதலால் பலர் ஆண்டுக்கணக்கில் உண்ண வேண்டியிருக்கிறது. தாமாக நிறுத்தினால் அழற்சி சீறி எழலாம். 2018-ஆம் ஆண்டு ஜூலை 28-இல் தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ்ப் பரிசோதனையும் இம்மருந்துகளும் இலவசமாக வழங்கப்படுகின்றன. உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2022-இல் இந்தியாவில் 'பி' வைரஸுடன் வாழ்ந்தோர் 2 கோடியே 98 லட்சம். 'சி' வைரஸுடன் வாழ்ந்தோர் 55 லட்சம். இவர்களுள் தமக்கு நோய் உள்ளதை அறிந்தவர் சிறுபான்மையினரே. கண் மஞ்சளிக்கக் காத்திருப்போரின் எண்ணிக்கை என்று இதனைக் கொள்ளலாம்.

நோயுற்ற அணுக்களைத் திருத்துவதைவிட அவை தவறான பாடம் கற்கும் முன்னரே சரியான பாடத்தைக் கற்பிப்பது மேல். தடுப்பூசி செய்வது அதுவே. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைக் கொண்டு தயாரித்த வைரஸின் மேலுறைப் புரதம் மட்டும் அதில் உண்டு, வைரஸ் இல்லை. அப்புரதத்தைக் கண்ட குழந்தையின் காவல் அணுக்கள் எதிர்ப்பொருளை உண்டாக்கி, பிரசவ வேளையில் நுழைந்த வைரஸ் கல்லீரலில் நிலைகொள்ளும் முன்னரே மறிக்க முயல்கின்றன. ஓட்டப்பந்தயமாதலால் மணிக்கணக்கு முக்கியம். பிறந்த 24 மணி நேரத்துக்குள், இயன்றால் அதற்கும் முன்னரே, முதல் ஊசி போடப்பட வேண்டும் என்னும் விதி இதனாலேயே ஏற்பட்டது. தாய்க்கு 'பி' இருப்பது முன்னரே தெரிந்தால், ஆயத்த எதிர்ப்பொருள் கொண்ட மற்றோர் ஊசியும் சேயின் மறுதொடையில் போடப்படும். தாய்வான் தீவில் 1984-இல் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி தொடங்கப்பட்ட பத்தாண்டுகளில், சிறுவரிடையே ஈரற்புற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நம் நாட்டில் 1997-இல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இதனை உள்நாட்டிலேயே தயாரித்து விலையைக் குறைத்தது. 2011-க்குள் நாடு முழுவதும் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. 6, 10, 14-ஆம் வாரங்களில் போடப்படும் ஊசிகளைப் பெற்றோர் மறப்பதில்லை. பிறந்தவுடன் போட வேண்டியதே நழுவுகிறது.

நழுவும் விதங்களுள் ஒன்று அல்சூர் போன்ற இடங்களுக்கே உரியது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். பெங்களூரில் கருவுற்றுப் பரிசோதிக்கப்பட்டவள் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வேலூருக்கோ, தருமபுரிக்கோ, சேலத்துக்கோ செல்கிறாள். மாநிலம் மாறுகிறது, ஆஸ்பத்திரி மாறுகிறது. இரத்தப் பரிசோதனைச் சீட்டு அல்சூர் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டால், அங்குள்ள தாதிக்கு அவளிடம் 'பி' உள்ள செய்தி தெரியப் போவதில்லை. ஊசி மறுநாள் காலைக்கோ, ஞாயிறு கழித்துத் திங்கட்கிழமைக்கோ தள்ளப்படலாம். குழந்தை அழவில்லை, பால் குடிக்கிறது, நிறம் மாறவில்லை. குறை எதுவும் தெரியாது. அக்குறை முப்பது ஆண்டுகளுக்குப் பின், குடும்பத்தைத் தாங்கும் வயதில், வயிற்று வீக்கமாக வெளிப்படும்பொழுது அந்தத் திங்கட்கிழமையை எவர் நினைவுகூர்வர்?

ஆகவே ஆஷா ஊழியரும் அங்கன்வாடிப் பணியாளரும் கர்ப்பிணியை ஊருக்கு அனுப்பும் முன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, சீட்டு பையில் இருக்கிறதா என்பது. சீமந்தத்துக்குப் புடவையும் வளையலும் அடுக்கும் மாமியாரிடமே அப்பொறுப்பை ஒப்படைத்தால் அது மறக்கப்படாது. 'பி' மிகுந்து காணப்படும் தாய்க்குப் பிரசவத்துக்கு முந்தைய மாதங்களில் டெனோபோவிர் கொடுக்கும் ஏற்பாடும் உண்டென்பதால், பரிசோதனையை ஏழாம் மாதம்வரை ஒத்திப்போடாமல் முதல் மாதங்களிலேயே முடித்துவிடுவது உசிதம்.

ஆசிரியர்களின் பங்கு வேறு தன்மையது. 'பி' உள்ள குழந்தையைப் பள்ளியில் தனிப் பெஞ்சில் அமர்த்துவதும், தனித் தட்டில் உண்ணச் செய்வதும் அறியாமையால் நிகழ்பவை. உணவாலும், நீராலும், தொடுவதாலும், இருமலாலும் இவ்வைரஸ் பரவுவதில்லை. காயத்தின் இரத்தத்தை எந்தக் குழந்தையுடையதாயினும் கையுறையுடன் துடைப்பதென்ற பொது விதி போதுமானது. உடன் பயிலும் பிள்ளைகள் தடுப்பூசி பெற்றிருப்பின் அச்சத்துக்கு இடமே இல்லை. பழைய புத்தகங்களில் இத்தகையோரை 'ஆரோக்கியமான நோய் தாங்கி' என்று குறித்தனர். அச்சொற்றொடர் இருமடங்கு கேடு செய்தது: 'ஆரோக்கியமான' என்றது நோயாளியை வைத்தியரிடம் போகாமல் நிறுத்தியது; 'நோய் தாங்கி' என்றது ஊரார் அவரை ஒதுக்கக் காரணமாயிற்று. காவலர் இன்னும் விழிக்காத நிலையில் இருப்பவர் என்பதே மெய். விழித்த அறிகுறியை என்சைம் கணக்கும் வைரஸ் அளவும் காட்டிக் கொடுக்கும். அதற்காக ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை அவர் பரிசோதனைக்கு வர வேண்டும்.

உயிரியல் வகுப்பில் வெள்ளணுக்களைப் 'படைவீரர்' என்று கூறி, கிருமியைக் கொல்வதோடு பாடத்தை முடித்துவிடுவது நெடுநாளைய வழக்கம். எட்டாம் ஒன்பதாம் வகுப்பு மாணவனால் அதற்கு மேலும் கிரகிக்க முடியும். அதே வீரர் சில வேளை பொறுப்பதும், சில வேளை களைப்பதும், தாம் காக்கும் வீட்டையே இடிப்பதும் உண்டென்று சொல்லலாம். அப்பாடத்தைக் கேட்ட பெண் ஒருத்தி பத்தாண்டுகளுக்குப் பின் தாய்வீட்டுப் பிரசவ அறையில் இருக்கும்பொழுது, ஊசி எத்தனை மணிக்கு என்று தானே கேட்பாள். பதிவேட்டில் தேதியுடன் மணியையும் எழுதி வைக்கும் தாதிக்கு அக்கேள்விக்கு விடை கூறுவது கடினமாயிராது.